வெட்டாமல் விட்ட குறுக்குக் கோடுகள்

செழியன் முதன்முதலாக "அவ" என்று சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஆய்வுக்கூடத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது.

"அவ கை ரொம்ப லேசு, மதி. கத்தியை அழுத்தவே மாட்டேங்கிறா. எலும்பே வழி விடுற மாதிரி இருக்கு."

திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த வான்மதி திரும்பினாள்.

"யாரு?"

"அதான், இதை வெட்டினவ."

"ஆம்பளையா பொம்பளையான்னு யாருக்குமே தெரியாது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின கை."

"தெரியாதுதான்." அவன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டான். "ஆனா அவதான்."

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் வந்த சிரிப்பு வான்மதிக்குப் புதியதல்ல. கல்யாணமான புதிதில் அவளைப் பற்றிப் பிறரிடம் பேசும்போது அப்படித்தான் சிரிப்பான்.

கையுறையைச் செய்தவள் சியூ லிங். பல்கலைக்கழக நாள்களிலிருந்தே வான்மதியின் தோழி. இப்போது சிங்கப்பூரின் ஜூரோங்கில் இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி. எலும்பில் விழுந்த ஒவ்வொரு வெட்டும் ஒரு கையின் ஞாபகம் என்பது அவள் கட்சி. வெட்டின் ஆழம், சரிவு, கத்தி தயங்கிய இடம், துணிந்து இறங்கிய இடம் எல்லாவற்றையும் நுணுக்கமாக அளந்தால், அதை வெட்டிய மணிக்கட்டு எப்படித் திரும்பியது, எந்த விரல் எவ்வளவு இறுக்கியது என்று கணக்குப் போட்டுவிடலாம். கணக்குப் போட்டதை ஒரு கையுறைக்குள் ஏற்றி உயிருள்ள கையில் மாட்டினால், கையுறை அந்தக் கையை மெல்ல இழுத்து அதே பாதையில் நடத்தும். சில நாள் பழகிவிட்டால் இழுக்கவே வேண்டாம். செத்துப்போனவரின் கை உயிருள்ளவரின் கைக்குள் வந்து குடியேறிவிடும்.

அவர்களிடம் வந்திருந்தவை மூன்று ஆமை ஓடுகள். ஆமையின் வயிற்றுப் பக்கத்து ஓடு. அந்தக் காலத்துச் சீன அரசன் மழை வருமா, பல்வலி எந்த மூதாதையின் கோபம், போருக்குப் போகலாமா என்றெல்லாம் ஓட்டிடம் கேட்பான். ஓட்டின் பின்புறத்தில் சூடு வைப்பார்கள், முன்புறத்தில் விரிசல் விடும், விரிசல்தான் பதில். கேட்ட கேள்வியை அந்த விரிசலுக்குப் பக்கத்திலேயே கத்தியால் வெட்டி வைப்பார்கள். சீன எழுத்தின் கதை நமக்குத் தெரிந்து அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிறகு வெண்கலத்தில் வார்த்தார்கள், மூங்கில் பட்டையில் தூரிகையால் எழுதினார்கள், பட்டு, காகிதம், கைப்பேசி என்று வந்தாகிவிட்டது. கொம்பும் வாலும் தேய்ந்து, வளைவெல்லாம் கட்டங்களாகி, உருவம் மாறினாலும் நூல் அறுபடவே இல்லை. தோ பாயோ காப்பிக்கடைப் பலகையில் 'மீன்' என்றும் 'மாடு' என்றும் எழுதியிருப்பவை அந்த ஓடுகளில் நீந்திய மீனுக்கும் கொம்பை நீட்டிய மாட்டுக்கும் பேரப்பிள்ளைகள்.

வான்மதிக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அந்தக் காப்பிக்கடையில்தான். எட்டு வயதில் மீனுருண்டை மீ என்னும் நூடுல்ஸ் வாங்க வரிசையில் நின்றவள், பலகையிலிருந்த எழுத்தில் மீனின் செதிலைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து விடவில்லை. பள்ளியில் மூன்றாம் மொழியாக எடுத்தாள். "இந்தியப் பொண்ணு எப்படிச் சீனம் பேசுது பாரேன்" என்று வாய்பிளந்தவர்களைத் தாண்டிப் போய், சீனாவின் வடக்கே குளிரில் கை வெடிக்கப் படித்தாள். ஓட்டிலும் மாட்டெலும்பிலும் வெட்டிய இந்த எலும்பு எழுத்தைச் சரளமாகப் படிக்கக்கூடியவர்களை உலகம் முழுக்கச் சேர்த்தால் ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம். அதில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை.

ஆகவே கையுறையை முதலில் மாட்டிப் பார்த்தது அவள்தான். வரவில்லை. மறுநாளும் மாட்டினாள். வரவில்லை.

"உன் கைக்கு ரொம்பத் தெரியும்," என்றாள் சியூ லிங். இருவரும் ஆங்கிலமும் மாண்டரினும் கலந்து பேசிக்கொள்வார்கள். "எந்தக் கோடு முதலில், எது அடுத்தது என்று இன்றைய எழுத்து உன் விரலில் ஊறிப்போயிருக்கிறது. கையுறை இழுப்பதற்கு முன்னாலேயே உன் கை ஓடிவிடுகிறது. எனக்கும் அதே கதைதான். இங்கே வேலை செய்யும் எல்லாருக்குமே அதே கதை."

"அப்போ யாருக்குத்தான் வரும்?"

"நுணுக்க வேலை தெரிந்த கை வேண்டும். ஆனால் அந்தக் கைக்கு ஒரு சீன எழுத்துகூடத் தெரிந்திருக்கக்கூடாது. சிங்கப்பூரில் அப்படி ஓர் ஆளுக்கு எங்கே போக?"

வான்மதி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "என் வீட்டில் ஒருத்தர் இருக்கிறார்."

செழியன் பல் செய்கிறவன். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவன் மெழுகில் செதுக்கிப் பீங்கானில் வார்த்துத் தருவான். அவன் செய்த கடைவாய்ப் பல்லை நாக்கால் தடவினால்கூட வித்தியாசம் தெரியாது என்பார்கள். பிறந்ததிலிருந்து சிங்கப்பூரில் இருப்பவன். ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் பேரம் பேசுவான். சீன எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு மேல் ஒரு கோடு தெரியாது. மனைவி ஆயுளைக் கொட்டிய எழுத்துகளை அவன் பார்ப்பதெல்லாம் வாசல் கோலத்தைப் பார்ப்பதுபோலத்தான்.

கையுறை அவனுக்கு முதல் நாளே வந்துவிட்டது.

அன்று எல்லாரும் கைதட்டினார்கள். வான்மதியும் தட்டினாள். எலும்புத் துண்டின்மேல் கணவனின் கை சரசரவென்று இறங்கியது. முதலில் நெடுக்குக் கோடுகளை மட்டும் வெட்டிக்கொண்டே போனது. ஓர் எழுத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை. வரிசை முழுவதற்கும் நெடுக்குகள் மட்டும், மழையாய். அப்படித்தான் வெட்டியிருக்க வேண்டும் என்று அவள் பல வருடங்களாக எழுதிவந்திருக்கிறாள். அவள் ஊகித்ததை அவன் கை செய்துகாட்டியது. என்ன செய்துகாட்டுகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"சொல்லத் தெரியல, மதி. யாரோ பின்னாலேர்ந்து வந்து என் கை மேல கை வெச்ச மாதிரி."

"கத்தி எந்தக் கோணத்துல இருக்கு? கட்டை விரல் மேலயா கீழயா?"

"அதெல்லாம் நான் கவனிக்கலயே."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சில வாரங்களில் அந்தக் கை வீட்டுக்கும் வந்துவிட்டது. சாமான் வாங்கத் துண்டுச் சீட்டில் எழுதும்போது, 'பால், பருப்பு' என்பதில் நெடுக்குக் கோடுகளை எல்லாம் முதலில் போட்டுவிட்டு, பிறகு திரும்பிவந்து மீதியை எழுதினான். பீன்ஸ் நறுக்கும்போது கத்தியை விரல் நுனிகளால் பேனாவைப்போல் பிடித்தான். தூக்கத்தில் அவள் தோளில் கிடந்த அவன் விரல் மெல்ல மேலிருந்து கீழே கோடு இழுத்தது. முன்பெல்லாம் அந்தக் கை அவள்மேல் கனமாகக் கிடக்கும். இப்போது லேசாக இருந்தது. லேசான கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவள் நகர்ந்து படுத்தாள்.

யார்மேல் பொறாமை என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. தனக்கு வரவேண்டியது அவனுக்கு வந்துவிட்டதே என்று சில நேரம் எரிந்தது. தன்னுடையவனை எவளோ வந்து தொட்டுக்கொண்டிருக்கிறாளே என்று சில நேரம் எரிந்தது. இரண்டும் ஒரே அடுப்பில்தான் எரிந்தன.

சியூ லிங்கிடம் ஒருநாள் காப்பி குடிக்கும்போது வாய்விட்டுச் சொன்னாள். சியூ லிங் சிரித்துவிட்டாள்.

"உங்கள் மொழியில்தான் இந்தத் தொல்லை. வாயைத் திறந்தால் அவனா அவளா என்று சொல்லியாக வேண்டும். எங்களுக்குப் பேச்சில் எல்லாம் ஒரே 'தா'தான். எழுத்தில் பெண்ணுக்கென்று தனியாக ஒரு 'தா' செய்ததே நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால்தான்."

"எனக்கே பாடம் எடுக்கிறாயா?"

"உனக்குத் தெரியும். உன் வயிற்றுக்குத் தெரியவில்லையே."

வான்மதிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வயிறு கேட்கவில்லை.

ஓரக்குறி ஒன்று வந்து எல்லாவற்றையும் மோசமாக்கியது. மூன்று ஓடுகளின் விளிம்பிலும், கேள்விகளுக்குச் சம்பந்தமில்லாமல், சின்னதாக ஒரே குறி இருந்தது. ஓட்டைத் தயார்செய்தவர்கள் இப்படி ஓரத்தில் ஏதாவது வெட்டி வைப்பது வழக்கம். மற்ற எழுத்துகளில் நெடுக்குக்குப் பின் குறுக்கும் வெட்டி முடித்திருந்தது. இந்தக் குறியில் மட்டும் மூன்று ஓட்டிலும் நெடுக்குகளோடு நின்றிருந்தது. பார்த்தால், மண்டியிட்டு உட்கார்ந்த ஓர் ஆளின் முதுகும் மடங்கிய காலும்போல. பழைய எழுத்தில் பெண் என்றால் மண்டியிட்டுக் கைகளை முன்னால் குறுக்காக வைத்த உருவம்.

கையுறையோடு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் செழியனின் கை வேகம் குறைந்து, பார்த்துப் பார்த்து வெட்டியது.

"இது அவ பேருதானே?" என்று கேட்டான்.

"இருக்கலாம். முழுசா இல்ல. குறுக்குக் கோடு வெட்டல."

"நீ படிச்சுச் சொல்லேன்."

"இல்லாததை எப்படிப் படிக்கிறது?"

"உனக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?" அவன் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. "பேரு தெரியாம இவ்வளவு நாளா ஒருத்தியோட..." சொல்லவந்ததை விழுங்கிவிட்டான்.

"ஒருத்தியோட?"

"வேலை செய்யறேன்னு சொல்ல வந்தேன்."

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைகூட ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினான். பசியாறக்கூட நிற்கவில்லை. வான்மதி கதவருகில் நின்று, மின்தூக்கி கீழே போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, எலும்பில் அவன் வெட்டியிருந்தவற்றையும் மூல ஓடுகளின் படங்களையும் மேசைமேல் பரப்பி உட்கார்ந்தாள். ஓட்டை வெட்டியவளைப் பற்றி ஒரு குறையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறி. ஆராய்ச்சிக்கு அது நல்ல காரணமல்ல. ஆனால் வெறித்துப் பார்க்கிற கண்ணுக்குத்தான் அது பட்டது.

நெடுக்குகள் மயிரிழையாய் மேலோட்டமாக இருந்தன. குறுக்குகள் ஆழமாக, முரட்டுத்தனமாக இருந்தன. ஓட்டைத் திருப்பி வைத்து வெட்டும்போது கை சௌகரியப்படவில்லை, அதனால்தான் இந்த முரடு என்று சொல்லி, சியூ லிங்கின் இயந்திரம் குறுக்குகளைக் கணக்கிலேயே எடுக்காமல் ஒதுக்கியிருந்தது.

மறுநாள் காலை வான்மதி சியூ லிங்கின் அறைக்குள் நுழைந்தபோதே சொன்னாள். "அது ஒரு கை இல்லை. இரண்டு. ஒருவர் நெடுக்கை வெட்டியிருக்கிறார். இன்னொருவர் குறுக்கை வெட்டி எழுத்தை முடித்திருக்கிறார். எனக்கு அந்த இரண்டாவது கை வேண்டும்."

"உன் கையில்தான் எதுவும் ஏறவில்லையே."

வான்மதி இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். "இதற்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஒரு காப்பிக் கோப்பையைக்கூட இது ஒழுங்காகப் பிடித்ததில்லை."

சியூ லிங் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். "குறுக்குகளைத் தனியாகக் கணக்குப் போட ஒரு வாரம் கொடு," என்றாள்.

இடக்கையில் கையுறையை மாட்டிய முதல் நிமிடத்திலேயே வான்மதிக்கு வந்துவிட்டது. கட்டை விரலின்மேல் இன்னொரு கட்டை விரல். தயக்கமே இல்லாத கை. கத்தியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு ஓட்டை அதன்மேல் திருப்பும் கை. மழையாய் நின்ற நெடுக்குகளின் ஊடே அது குறுக்கே பாயப் பாய, எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. இத்தனை வருடம் படித்தவற்றை இப்போதுதான் தொட்டாள். அழுதாள். அருகில் நின்ற செழியன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். அந்த லேசான கையால்.

ஓரக்குறிக்கு வந்தபோது இடக்கை நின்றது. சும்மா நிற்கவில்லை, இறுகி நின்றது. தோள்வரை ஒரு முறுக்கு ஏறியது. கத்தி குறியின்மேல் ஓர் அங்குல உயரத்தில் தொங்கியது, இறங்கவில்லை. பிறகு விலகி அடுத்த வரிக்குப் போய்விட்டது. மூன்று ஓட்டிலும் அப்படியே.

வான்மதிக்கு அந்த முறுக்கு தெரிந்த முறுக்கு. பல மாதமாக அதோடுதான் அவள் படுத்து எழுந்துகொண்டிருந்தாள்.

அடுத்து அவள் எழுதிய கட்டுரையை, துறைக்கு வெளியே இருந்தவர்களும் படித்தார்கள். நெடுக்கு வெட்டியவள் தன் பெயரைக் கையொப்பமாகத் தொடங்கினாள். முடித்துவைக்க வேண்டிய இரண்டாவது கை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டது. ஒரு பெயரை மூவாயிரம் ஆண்டுகள் வாசிக்க முடியாமல் செய்தது. பொறாமை என்ற சீனச் சொல்லுக்கு இரண்டு எழுத்து, இரண்டின் இடப்பக்கத்திலும் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று தொடங்கியிருந்தாள். வகுப்பில் அதைச் சொல்லி, எழுத்தை உண்டாக்கியவர்கள் ஆண்கள் என்று கிண்டலடிப்பவள் அவள்தான். இந்த முறை கிண்டலில்லை. செய்தித் தளங்கள் 'உலகின் மிகப் பழைய பொறாமை' என்று தலைப்புப் போட்டன.

செழியன் மொழிபெயர்ப்பில் படித்தான். படித்துவிட்டு விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டான்.

"அவ பேரை முடிக்க விடலயா?" என்றான். "பாவம் மதி. அவ ஒண்ணும் செய்யலயே."

'அவ ஒண்ணும் செய்யல' என்ற சொல்தான் வான்மதியை உடைத்தது. அதே வாரத்தில் அவன் செய்த பல் ஒன்று, பள்ளம் தேவையான ஆழமில்லையென்று மருத்துவரிடமிருந்து திரும்பி வந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"இதைக் கழுவிடு, செழியன். உன் தொழிலே கெட்டுப்போகுது. பொழுதுக்கும் யாரோ மாதிரி இருக்க. எனக்காக."

கழுவுவது என்பது சியூ லிங்கின் ஆட்கள் வைத்த பெயர். வேறொரு கையுறை எதிர்ப்பக்கமாக இழுத்து இழுத்து, ஏறியதை இறக்கும். குடியேறியதை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. பக்கத்தில் இருப்பதும் கொஞ்சம் சேர்ந்து போகும் என்று சியூ லிங் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். செழியன் வான்மதியைப் பார்த்தான். அவள் குனிந்திருந்தாள்.

"சரி. நீ சொன்னா சரி," என்றான்.

கழுவி முடிந்த அன்று அவனால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. மெழுகில் ஒரு பல்லின் வடிவம் வருவதற்குள் வியர்த்துப்போனது. தானாகச் சரியாகிவிடும், ஒரு வருடம் ஆகலாம் என்றார்கள். அவன் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டில் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தான். குற்றம் எதுவும் சொல்லவில்லை. 'அவ' என்ற சொல் வீட்டில் மறுபடி கேட்கவில்லை. வான்மதி நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தாள், சில நாள்.

பிறகு சியூ லிங் அழைத்தாள். குரல் சாதாரணமாக இல்லை.

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் சேமிப்பறையில் கிடந்த உடைந்த ஓடு ஒன்றின் விளிம்பு, இவர்களிடமிருந்த இரண்டாவது ஓட்டின் உடைந்த விளிம்போடு அச்சாகப் பொருந்தியிருந்தது. திரையில் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தாள். புதிய துண்டின் ஓரத்தில் நான்கு குறிகள் இருந்தன. நான்கும் வேறு வேறு ஆள்களின் நெடுக்குகள். நான்கிலும் குறுக்குகள் முழுமையாக வெட்டப்பட்டிருந்தன, ஆழமாக, தயக்கமில்லாமல்.

"குறுக்குகள் உன் இடக்கைதான். அளந்துவிட்டேன்," என்றாள் சியூ லிங். "நீயே படி."

வான்மதி படித்தாள். மண்டியிட்ட ஆள். முன்னால் மடங்கிய கைகள் இல்லை. அவள் பெண் என்று எடுத்துக்கொண்டது பெண்ணே அல்ல. குறுக்குகள் சேர்ந்து முதுகுக்குப் பின்னால் ஒரு கை உருவாகியிருந்தது. அந்தக் கை மண்டியிட்டவரின் முதுகைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது. முதலாண்டு மாணவர்களுக்கு அவள் கற்றுக்கொடுக்கும் எழுத்துதான்.

"கைதி," என்றாள். "போரில் பிடிபட்டவர்."

"அப்படியானால் அது பெயரில்லை."

"இல்லை. இன்னார் செய்த ஓடு என்பதில்லை. கைதி செய்த ஓடு. நெடுக்கு வெட்டியவர்கள் எல்லாரும் கைதிகள். தங்கள் குறியைத் தாங்களே பாதி வெட்டிவிட்டு நீட்ட வேண்டும். மேலாள் குறுக்கை வெட்டி அதை முடிப்பார்." அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "மற்ற எல்லாருக்கும் முடித்திருக்கிறார்."

"ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் முடிக்கவில்லை. ஒருமுறைகூட முடிக்கவில்லை."

"அந்த ஆளைக் கைதி என்று எழுதக் கை வரவில்லை," என்றாள் வான்மதி.

சியூ லிங் திரையில் அந்த முடியாத குறியைப் பெரிதாக்கினாள்.

"ஆனால் நான் உணர்ந்தேனே," என்று வான்மதி திடீரென்று சொன்னாள். "அந்த இடத்தில் கை முறுக்கிக்கொண்டது. அது அன்பில்லை, சியூ லிங். வன்மம். எனக்குத் தெரியும்."

சியூ லிங் இதைச் சொல்ல விரும்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "வெட்டு இருந்தால்தான் கையுறை இழுக்கும். அந்த இடத்தில் வெட்டே இல்லை. கையுறை சும்மா இருந்தது, மதி. அங்கே நீ உணர்ந்தது எதுவாக இருந்தாலும் அது உன்னுடையது."

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அன்றே எழுதி அனுப்பினாள். அதை யாரும் தலைப்பாகப் போடவில்லை. வீட்டில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அதற்கு ஒரு வாரம் ஆனது.

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில், பப்பாளி ஒன்றைத் தோல் சீவிக்கொண்டே சொன்னாள். நிறுத்தினால் தொடர முடியாது என்று பயந்து, நிறுத்தாமல் சொன்னாள். குறி பெயரில்லை. கைதி. அந்த ஒருவருக்கு மட்டும் குறுக்கு வெட்டவில்லை. கையுறையில் ஒன்றும் இல்லை, தன் கையில்தான் இருந்தது.

செழியன் ரப்பர் பந்தை மேசைமேல் வைத்தான்.

"ஆக, அந்த ரெண்டாவது ஆளு அவளைக் காப்பாத்தப் பார்த்திருக்கு."

"அவளோ அவனோ. அந்த எழுத்து சொல்லாது." அவள் கேட்டுவிட்டாள். "நீ மட்டும் எப்படி முதல் நாள்லேர்ந்தே 'அவ'ன்னு சொன்ன?"

அவன் அதைப் பற்றி அதுவரை யோசித்ததே இல்லை என்பது தெரிந்தது. "என் கையை யாரு பிடிச்சிருக்கா, மதி? சின்னதுல அம்மா. அப்புறம் நீ. கை மேல கை வெச்சா எனக்கு 'அவ'ன்னுதான் வாயில வரும்."

வான்மதி தலையை நிமிர்த்தாமல் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தி அசையாமல் நின்றது. பப்பாளிதான் அதன்மேல் சுழன்றுகொண்டிருந்தது. தோல் அறுபடாமல் ஒரே நாடாவாக இறங்கியது. கத்தி இருந்தது இடக்கையில்.

செழியனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது இன்னும் உன் கையில இருக்கா?"

"இருக்கு."

"கழுவிக்கலயா?"

"சியூ லிங் நாள் குறிச்சுக் குடுத்தா. நான் போகல."

அவன் முகத்தில் ஒரு நிழல் வந்தது. உதடு லேசாக இறுகியது. கண் அவள் முகத்துக்கு வராமல் விரல்களிலேயே நின்றது. வான்மதிக்கு அந்தப் பார்வையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் கையில் அந்த லேசான கையின் மிச்சம் எதுவும் இல்லை. ஓட்டை வெட்டியவளை விட்டுக்கொடுக்காத கை, அவளுக்கு இந்த உலகத்தில் மிக நெருக்கமாயிருந்த கை, எதிரே உட்கார்ந்து பழம் சீவிக்கொண்டிருக்கிறது.

"கத்தியை வை," என்றான்.

வைத்தாள். அவன் கையை நீட்டினான். இன்னும் சரியாக வளையாத விரல்களால், தடுமாறித் தடுமாறி, பப்பாளிப் பால் ஒட்டியிருந்த அவள் இடக்கையைப் பிடித்தான். வலக்கை பக்கத்திலேயேதான் இருந்தது, அதை அவன் தேடவில்லை. கண்களை மூடிக்கொண்டான். கட்டை விரலால் அவள் கட்டை விரலின் மேலே மெல்ல அழுத்தி, எதையோ கேட்பதுபோலக் காத்திருந்தான்.

அவன் பிடித்திருப்பது தன் கையை அல்ல என்று வான்மதிக்குத் தெரிந்தது. அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை.